'இ.எஸ்.ஐ. இருக்கிறதே!' – ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் நோய்க்காலமும் வீட்டுக் கணக்கும்

2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை ரிப்பன் மாளிகையின் முன்பு இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் நடத்திய போராட்டம், 13ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறையால் கலைக்கப்பட்டது. தங்கள் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதே அவர்களின் முதன்மைக் கோரிக்கை. ஏறத்தாழ 23,000 ரூபாயாக இருந்த மாத ஊதியம் ஒப்பந்த நிறுவனத்தின்கீழ் 17,000 ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிடும் என்று அவர்கள் கூறினர். இதற்கு மறுமொழியாக முன்வைக்கப்பட்ட சலுகைப் பட்டியலில் வருங்கால வைப்புநிதி, போனஸ் ஆகியவற்றோடு இ.எஸ்.ஐ.யும் இடம்பெற்றிருந்தது.

இந்த வாதம் சென்னைக்கு மட்டும் உரியதன்று. நகராட்சி, மருத்துவமனை, இரயில் நிலையம், கல்லூரி விடுதி என எங்கெல்லாம் தூய்மைப் பணி ஒப்பந்தத்திற்கு விடப்படுகிறதோ, அங்கெல்லாம் 'இ.எஸ்.ஐ. இருக்கிறதே' என்ற சொல் ஊதியக் குறைப்பின்மீது போர்த்தப்படும் துணியாகப் பயன்படுகிறது. நோயுற்ற தொழிலாளரின் வீட்டு அடுப்பு எரிவதற்கு அந்தச் சட்டம் உண்மையில் எவ்வளவு தருகிறது? ஒப்பந்தமுறை அதில் எவ்வளவை மிச்சம் வைக்கிறது? இந்த இரு கேள்விகளையும் ரூபாய்க் கணக்கிலேயே பார்க்க வேண்டியுள்ளது.

உரிமையாகப் பிறந்த சட்டம்

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் எவரும் இரங்கி அளித்த உதவி அன்று. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில்தான், தொழிலாளர் நலக் காப்பீடு குறித்த பேராசிரியர் பி.பி. அதார்க்கரின் அறிக்கை 1944இல் அரசிடம் அளிக்கப்பட்டது. அதன் வழிவந்த சட்டம் 1948இல் நிறைவேறியபோது தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தவர் ஜெகஜீவன் ராம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த இருவர் அடுத்தடுத்துப் பொறுப்பு வகித்த துறையில் உருவான சட்டம் இது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இச்சட்டத்தின் அடிப்படைக் கருத்து எளிமையானது. நோயுற்றவருக்கு இரண்டு இழப்புகள் நேர்கின்றன. மருத்துவத்திற்குப் பணம் செலவாகிறது. வேலைக்குப் போகாததால் வருமானம் நிற்கிறது. முதல் இழப்பை மருத்துவமனையும், இரண்டாம் இழப்பை நோய்க்கால உதவித்தொகையும் ஈடுசெய்ய வேண்டும்.

இன்று நம் அரசியல் பேச்சில் முதல் இழப்பு மட்டுமே கணக்கில் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அது பெரும் உதவிதான். ஆனால் அப்பணம் மருத்துவமனைக்குச் செல்கிறது. போராட்டம் கலைக்கப்பட்ட மறுநாள் தமிழ்நாடு அரசு தூய்மைப் பணியாளர்களுக்கென அறிவித்த திட்டங்களில் தொழில்சார் நோய்களுக்கான சிகிச்சையும் பணியின்போது இறந்தால் 10 இலட்சம் ரூபாய் நிதியும் இருந்தன. சிகிச்சைக்கு ஏற்பாடு உண்டு. சாவுக்கும் ஏற்பாடு உண்டு. இரண்டுக்கும் இடையில், படுக்கையில் கிடக்கும் மூன்று மாதங்களுக்கு வாடகை யார் தருவது என்பதற்கு மட்டும் விடை இல்லை.

எழுபது விழுக்காடு எவ்வளவு?

இ.எஸ்.ஐ.யின் விடை ஒன்றுண்டு. மாதம் 21,000 ரூபாய்வரை ஊதியம் பெறுவோர் இத்திட்டத்திற்குள் வருவர். 2017 ஜனவரியில் நிறுவப்பட்ட வரம்பு இது. தொழிலாளர் தம் ஊதியத்தில் 0.75 விழுக்காடும் வேலையளிப்பவர் 3.25 விழுக்காடும் சந்தா செலுத்துகின்றனர். நோய்க்காலத்தில் சராசரி நாள் ஊதியத்தின் 70 விழுக்காடு, ஆண்டுக்கு அதிக அளவாக 91 நாள்களுக்கு வழங்கப்படும். நோயின் முதல் இரண்டு நாள்களுக்குத் தொகை இல்லை. முந்தைய நோய்விடுப்பு முடிந்து 15 நாள்களுக்குள் மீண்டும் நோயுற்றால் மட்டும் இந்தக் காத்திருப்பு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் பெறும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரது நாள் ஊதியம் 500 ரூபாய் எனக் கொண்டால், உதவித்தொகை நாளுக்கு 350 ரூபாய். முதல் மாதத்தில் காத்திருப்பு நாள்கள் இரண்டும் போக 28 நாள்களுக்கு 9,800 ரூபாய் வரும்.

அவர் வீட்டின் தள்ளிப்போட முடியாத செலவுகளை அடக்கமாகவே எழுதுவோம். வீட்டு வாடகை 5,000, வீட்டு உரிமையாளரிடம் கட்டும் மின்கட்டணம் 500, சமையல் எரிவாயு 900, மகளிர் குழுக்கடன் தவணை 2,500, கைப்பேசிக்கு 300. மொத்தம் 9,200 ரூபாய். மீதம் 600. நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. மகளிர் உரிமைத்தொகை வரும் வீடாக இருந்தால் இன்னும் 1,000 ரூபாய் சேரும். காய்கறி, பால், முட்டை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். நோயாளிக்குச் சத்தான உணவு கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லும் மாதம்தான் அது.

நோய்க்கால உதவித்தொகைக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 102ஆம் உடன்படிக்கை விதிக்கும் குறைந்த அளவு 45 விழுக்காடு. அதனோடு ஒப்பிட்டால் 70 விழுக்காடு நல்ல விகிதமே. குறை அந்த விகிதம் எந்த ஊதியத்தின்மீது கணக்கிடப்படுகிறது என்பதில் இருக்கிறது. முழு ஊதியமே மாதக் கடைசியில் போதாமல்போகும் வீட்டில் 30 விழுக்காட்டை எங்கிருந்து குறைப்பது? வாடகை 70 விழுக்காடாகக் குறைவதில்லை. கடன் தவணையும் குறைவதில்லை. குறைக்கக் கூடியது சோறு ஒன்றுதான். வழக்கமாக அதில் முதலில் குறைவது அந்த வீட்டுப் பெண்ணின் பங்கு.

இப்போது ஒப்பந்ததாரர் பதிவேட்டில் 15,000 ரூபாய்க்குப் பதிலாக 10,000 ரூபாயை மட்டும் ஊதியமாகக் காட்டியிருந்தால் என்ன ஆகும்? சந்தாவில் அவருக்கு மாதம் 160 ரூபாய் அளவுக்கு மிச்சம். தொழிலாளருக்கு 28 நாள்களுக்கு வருவதோ 6,533 ரூபாய்தான். மேற்சொன்ன செலவுக் கணக்கில் 2,667 ரூபாய் துண்டு விழும். உடல்நலம் இருக்கும் நாளில் எவர் கண்ணிலும் படாத இந்தக் களவு, நோயுற்ற நாளில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

எண் மாறினால் எல்லாம் மாறும்

இதுவரை பார்த்தது, தொகை முறையாகக் கிடைத்தால் உள்ள நிலை. அது கிடைப்பதற்கான தகுதி விதிகளில்தான் ஒப்பந்தமுறை ஆழமாக வெட்டுகிறது.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால்தான் அதற்குரிய பயன் காலத்தில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கு உரிய பயன் காலம் அடுத்த ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிகிறது. முதன்முறையாகத் திட்டத்தில் சேர்பவருக்குப் பயன் காலம் தொடங்குவது பணியில் சேர்ந்து ஒன்பது மாதங்கள் கழித்துத்தான். மருத்துவம் முதல் நாளிலிருந்தே உண்டு; பணம் இல்லை.

நிலையான வேலையில் இருப்பவருக்கு இந்த ஒன்பது மாதங்கள் வாழ்வில் ஒருமுறை மட்டும் வரும். ஒப்பந்தத் தொழிலாளரின் நிலை வேறு. இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் ஒன்றே. ஆயினும் ஒப்பந்தம் கைமாறும்போது புதிய ஒப்பந்ததாரர் பழைய எண்ணை இணைக்காமல் புதிய எண்ணை உருவாக்கிவிடுவது உண்டு. அதே தெரு, அதே தொழிலாளர். கணினியில் மட்டும் அவர் நேற்றுச் சேர்ந்த புதியவர். பல ஆண்டுகள் குப்பை அள்ளியவருக்கு மீண்டும் ஒன்பது மாதக் காத்திருப்பு ஏட்டில் தொடங்கிவிடுகிறது.

காசநோயை எடுத்துக்கொண்டால் இதன் கொடுமை விளங்கும். வழக்கமான காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதங்கள் நீடிக்கிறது. நோய்க்கால உதவித்தொகை 91 நாளில் முடிந்துவிடும். அதன்பின் கைகொடுக்க, காசநோய் உள்ளிட்ட 34 நெடுநாள் நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை ஒன்று இருக்கிறது. ஊதியத்தின் 80 விழுக்காடு, தேவைப்பட்டால் இரண்டு ஆண்டுகள் வரையிலும் கிடைக்கும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு ஆண்டுத் தொடர் பணியும், நான்கு சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தாவும் அதற்கு வேண்டும். எண் அறுந்தால் தொடர் பணியும் ஏட்டில் அறுகிறது. குப்பைத் தூசியிலும் கழிவுநீர்க் காற்றிலும் மூச்சுவிடுவதே வேலையாகக் கொண்டவருக்கு எந்த நோய் வருமோ, அந்த நோய்க்கான பயனே எட்டாமல் போகிறது. தகுதி பெறாதவருக்கு மிஞ்சும் ரொக்கம், காசநோயாளிகளுக்கு ஒன்றிய அரசு வழங்கும் ஊட்டச்சத்து உதவியான மாதம் 1,000 ரூபாய். 2024 நவம்பர் வரை அது 500 ரூபாயாக இருந்தது.

பணம் வந்து சேரும் வேகமும் வீட்டுக் கணக்கில் ஒரு செலவே. உரிய சான்றுகளுடன் கோரிக்கை அளித்த 7 நாள்களுக்குள் தொகை வழங்கப்பட வேண்டும் என்பது விதி. முதல் சான்று, இடைச்சான்று, இறுதிச் சான்று என மருந்தகத்திற்கும் கிளை அலுவலகத்திற்கும் நோயுடன் அலைவதும், ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் திரும்பி வருவதும் அந்த 7 நாளில் சேர்வதில்லை. அதற்குள் வாடகை நாள் வந்துவிடும். குழுக்கடன் வசூலிப்பவர் வந்துவிடுவார். இடைப்பட்ட நாள்களுக்கு வாங்கும் கைமாற்றின் வட்டி, பின்னால் வரும் உதவித்தொகையின் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

இது ஏன் சாதிக் கேள்வி?

கழிவுநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டித் தூய்மைப் பணியாளர்களைப் பற்றி ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அளித்த கணக்கின்படி, அடையாளம் காணப்பட்ட 54,574 பேரில் 37,060 பேர் பட்டியல் சாதியினர்; ஏறத்தாழ 68 விழுக்காடு. உடலை மிக வேகமாக நோய்க்கு ஒப்புக்கொடுக்கும் வேலை யாருக்குப் பிறப்பால் ஒதுக்கப்பட்டதோ, அவர்களின் நோய்க்கால உரிமையே மிகத் தளர்வான ஒப்பந்தத்தில் தொங்குகிறது.

வருமானம் நின்ற வீட்டைத் தாங்குவதற்கு மற்றச் சமூகங்களில் நிலம், நகை, சொந்த வீடு, அரசுப் பணியில் இருக்கும் உறவினர் என ஏதேனும் ஒரு தூண் இருக்கும். தலித் தொழிலாளர் பலருக்கு அந்தத் தூண்கள் இல்லை; கைமாற்றுக் கேட்கத்தக்க உறவினரும் அதே தெருவில் அதே வேலை பார்ப்பவராக இருப்பார். வாடகை பாக்கி விழுந்தால் வேறு வீடு தேடலாம் என்பது சாதி கேட்டு வீடு தரும் நகரங்களில் வெறும் பேச்சு. கிடைத்த வீட்டைக் காப்பதற்காகவே அவர்கள் உணவைக் குறைத்து வாடகையைக் கட்டுகின்றனர். சொந்த மின் இணைப்பு உள்ள வீட்டிற்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை முதல் 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. துணை மீட்டர் வைத்து உரிமையாளர் சொல்லும் விலைக்கு யூனிட் கணக்கிடும் குடித்தனங்களுக்கோ அச்சலுகை பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. ஏழைக்கு ஒரே பொருள் கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது.

கடனும் அவ்வாறே. இ.எஸ்.ஐ. பணப்பயனை எந்த நீதிமன்ற ஆணையின்கீழும் கடனுக்காகப் பறிமுதல் செய்ய முடியாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வகுத்தது. நோயாளியின் பணம் நோயாளியின் வீட்டுக்கே போய்ச்சேர வேண்டும் என்னும் தொலைநோக்கு அதில் இருந்தது. இன்று அப்பணம் வரும் வங்கிக் கணக்கிலிருந்தே கைப்பேசிக் கடன், வாகனக் கடன் தவணைகள் தாமாகப் பிடிக்கப்படுகின்றன. நீதிமன்றத்தால் தொட முடியாத பணத்தைத் தானியங்கிப் பற்று தொட்டுவிடுகிறது. இருப்பு போதாவிட்டால் அதற்கும் தண்டம்.

புதிய தொகுப்பு என்ன செய்யும்?

1948ஆம் ஆண்டுச் சட்டத்தை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இதில் 'ஊதியம்' என்பதன் வரையறை கூர்ந்து கவனிக்கத்தக்கது. வீட்டு வாடகைப் படி போன்றவை ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன. விலக்கப்படும் தொகை மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிகுதி மட்டும் ஊதியமாகச் சேர்க்கப்படும். பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தில் வீட்டு வாடகைப் படியும் ஊதியமாகவே கொள்ளப்பட்டது. ஆகவே, மொத்தச் சம்பளத்தில் சரிபாதியைப் படிகளாகப் பிரித்துக் காட்டும் ஒரு வேலையளிப்பவரின்கீழ், 70 விழுக்காடு என்பது பாதிச் சம்பளத்தின் 70 விழுக்காடாகச் சுருங்க இடமுண்டு. குறைந்தபட்ச ஊதியம் முழுமையாகப் பின்பற்றப்பட்டால் இந்த இடம் குறையும். தூய்மைப் பணி ஒப்பந்தங்களில் அது எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

ஒப்பந்ததாரரை மட்டும் குற்றம் சொல்லி நகராட்சி கைகழுவ முடியாது. ஒப்பந்தத் தொழிலாளருக்கான சந்தாவுக்கு முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு என்பது இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொடக்ககால விதி. சந்தா கட்டத் தவறியதால் தொழிலாளர் தகுதி இழந்தால், கழகமே பயனை வழங்கிவிட்டு அத்தொகையை வேலையளிப்பவரிடம் வசூலிக்கலாம் என்று 68ஆம் பிரிவு வழிவகுத்தது. புதிய தொகுப்பிலும் இக்கொள்கை இடம்பெற்றுள்ளது. 'சந்தா ஏறவில்லை, எனவே பணம் இல்லை' என்று தொழிலாளரைத் திருப்பி அனுப்பும்போது நாம் முன்வைக்க வேண்டிய முதல் கருவி இதுவே.

கோரிக்கைகளும் இதிலிருந்தே எழுகின்றன. ஒப்பந்தம் கைமாறும்போது பழைய காப்பீட்டு எண் தொடர்வதை உறுதிசெய்த பின்னரே புதிய நிறுவனத்தின் முதல் பட்டியலுக்கு உள்ளாட்சி அமைப்பு பணம் தர வேண்டும். தூய்மைப் பணியில் ஒன்பது மாதக் காத்திருப்பும் இரண்டு ஆண்டு நிபந்தனையும் பணியிடத்தை வைத்துக் கணக்கிடப்பட வேண்டும். ஒப்பந்ததாரரை வைத்து அன்று. முதல் இரண்டு நாள் காத்திருப்பு நீக்கப்பட வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்பவர்களுக்குத் தூய்மைப் பணியாளர் நல வாரியம் நோய்க்கால நாள் ஊதியம் ஒன்றை வழங்க வேண்டும். கல்விக்கும் திருமணத்திற்கும் இறப்பிற்கும் உதவும் வாரியம், உயிரோடு படுத்திருக்கும் நாள்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உடனடியாக இருக்கிறது. ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் செலுத்தப்பட வேண்டும். தொழிலாளர் தம் காப்பீட்டு எண்ணைக் கொண்டு கழகத்தின் இணையதளத்தில் அதனைச் சரிபார்க்கலாம். தங்கள் விடுதியையும் வகுப்பறையையும் தூய்மை செய்பவரிடம் அமர்ந்து நான்கு செய்திகளைப் பார்த்துச் சொல்லலாம்: எத்தனை எண்கள் அவர் பெயரில் உள்ளன, பதிவில் உள்ள ஊதியம் கையில் வாங்கும் ஊதியத்தோடு பொருந்துகிறதா, எத்தனை நாள்களுக்குச் சந்தா ஏறியுள்ளது, பெயரும் வங்கிக் கணக்கும் சரியாக உள்ளனவா. நோய் வந்த பிறகு இவற்றைத் திருத்த ஓடுவதைவிட, உடல் நன்றாக இருக்கும்போது திருத்துவது எளிது. பத்துப் பேரின் பதிவுகளைச் சேர்த்து வைத்தால் அது தனிமனிதக் குறையாக இருக்காது. தொழிற்சங்கம் வழக்காடத் தக்க சான்றாகிவிடும்.

'இ.எஸ்.ஐ. இருக்கிறதே' என்று அடுத்தமுறை எவரேனும் சொன்னால், எந்த எண்ணில், எந்த ஊதியத்தின்மீது, எத்தனை நாள் சந்தாவுடன் இருக்கிறது என்று திருப்பிக் கேட்போம். அந்த மூன்றுக்கும் ஏட்டைக் காட்டி விடை சொல்ல முடியாத ஒப்பந்தம், தொழிலாளரின் நோய்க்காலத்தையும் சேர்த்தே விலைபேசியிருக்கிறது.